சுட்டவள் கொண்டுபோன சாப்பாடு

மிசூரி மலைப்பக்கத்தில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டும் வெல்டா ஸ்ட்ரவுட் யார் சொல்லுக்கும் எளிதில் மசியாதவள். குடிவெறியில் அவள் வீட்டுக் கதவை உடைத்து, கையில் இரும்புக் கம்பியோடு உள்ளே வந்த டாரலை அவள் சுட்டாள். அவன் பிழைக்கவில்லை. மேட்டைத் தாண்டினால் அவன் அம்மா ஓபலின் வீடு.

தற்காப்புக்காகச் சுட நேர்ந்தவர்களுக்கென்றே அங்கே இன்சூரன்ஸ் உண்டு. வழக்கு வந்தால் வக்கீலை அவர்களே அனுப்புவார்கள். வெல்டா அதைக் கட்டிவந்தாள். அப்படி வந்தவர்தான் ஹாஸ்கின்ஸ். அவர் வந்தபோது வெல்டா ஒரு பெரிய பாத்திரத்தில் வெந்த கோழியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு மேடம் இவ்வளவு?"

"ஓபலுக்கு. சாவு வீட்டுல அடுப்பு எரியாதே."

"ஐயோ, அந்தப் பக்கமே போகாதீங்க! ஒரு வார்த்தை பேசினாலும் கம்பெனி கையைக் கழுவிடும். அப்புறம் வீட்ட வித்துத்தான் கேஸ் நடத்தணும். தோத்தா ஜெயில்தான்."

"அவ புருஷன் போனப்பவும் நான்தான் கொண்டுபோனேன், தம்பி."

"அவரை நீங்க சுடலையே!"

வெல்டா கோழி மேல் சீஸைத் தூவினாள். பாத்திரத்தின் அடியில் அவள் பெயர் எழுதி ஒட்டிய டேப் இருந்தது. அதையாவது கிழிக்கச் சொல்லிக் கெஞ்சினார் வக்கீல்.

"கிழிச்சா பாத்திரம் எப்படி வீடு வந்து சேரும்?"

சட்டத்துக்குப் பயப்படலாம். அதற்காகப் பிள்ளையைப் பறிகொடுத்தவளைப் பட்டினி போட வேண்டுமா? எனக்கும் அந்த வக்கீல் மேல் கோபம்தான்.

ஓபல் கதவைப் பாதிதான் திறந்தாள்.

"மன்னிப்புக் கேக்க வந்தியா?"

"இல்ல. நாளைக்கு எவன் அப்படி வந்தாலும் சுடுவேன். நீ ஒண்ணும் சாப்பிடலைன்னு சொன்னாங்க."

ஓபல் பாத்திரத்தைத் தொடவில்லை. முகம் கல்லாக இருந்தது.

"கடைசியா எதாவது சொன்னானா?"

எதைச் சொன்னாலும் கோர்ட்டில் அவளுக்கு எதிராகத் திரும்பலாம் என்றுதான் வக்கீல் வாயை மூடச் சொன்னார். வெல்டாவுக்கு அது நன்றாகவே தெரியும்.

"உன்னைத்தான் கூப்பிட்டான். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் கையைப் பிடிச்சுக்கிட்டிருந்தேன். அம்மா வந்துக்கிட்டே இருக்காங்கடான்னு பொய் சொன்னேன்."

ஓபல் உதட்டைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் பாத்திரத்தை வாங்கினாள்.

"இதை நீ கோர்ட்டுல சொல்லணும்னா சொல்லு, ஓபல்," என்றாள் வெல்டா. "நான் இல்லைன்னு சொல்லமாட்டேன்."