நான் எழுதிய ஆட்சேபணை

மாணவியர் பிரதிநிதித் தேர்தலில் நான் நின்றபோது எம்.காம். இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். கோட்டுச்சேரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். மேடையில் நன்றாகப் பேசுவேன் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அதை நம்பினேன். வேட்புமனு கொடுத்த அன்றே அப்பா தன் அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

மறுநாள் இன்னொரு மனு வந்தது. எங்கள் துறையிலேயே முதலாம் ஆண்டில் சேர்ந்திருந்த போலகத்துப் பெண். அப்பாவும் அம்மாவும் வயல் வேலைக்குப் போகிறவர்கள். அவள் அதிகம் பேசமாட்டாள். ஆனால் மாணவியர் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று ஒவ்வொரு வகுப்பாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கியவள் அவள்தான்.

எனக்கு அவளை அதற்கு முன்பே தெரியும். ஒருநாள் செமினார் முடிந்து எழுந்தபோது என் சுடிதாரில் கறை பட்டிருந்தது. நான் கவனிக்கவில்லை. பின்வரிசையிலிருந்து வந்தவள், "அக்கா, திரும்பாதீங்க. அப்படியே நடங்க" என்று காதோரம் சொல்லிவிட்டு, பஸ் நிறுத்தம் வரைக்கும் என் முதுகை ஒட்டியே நடந்து வந்தாள். அடுத்த வாரம் என் முதலாம் ஆண்டு நோட்டுகளை எல்லாம் அவளிடம் கொடுத்தேன்.

ஓட்டு யாருக்கு விழும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அவளிடம் போய் நின்று பேசினார்கள்.

மனு பரிசீலனைக்கு முதல் நாள், எனக்காக வேலை செய்த வகுப்புத் தோழன் ஒருவன் வெள்ளைத் தாளோடு வந்தான். "அவளுக்கு அட்டெண்டன்ஸ் பத்தாது. நீ ஒரு ஆட்சேபணை எழுதிக் குடு, முடிஞ்சிரும்."

"அவ அம்மாவுக்கு ஆபரேஷன்டா. மூணு வாரம் இவதான் ஆஸ்பத்திரியில கூடக் கெடந்தா."

"ரூல நாமளா போட்டோம்?"

கேன்டீன் மேசையில் உட்கார்ந்து எழுதினேன். யாரும் என்னை மிரட்டவில்லை. அரைப் பக்கம்தான், பெயர் போடவில்லை. பிழை இருக்கிறதா என்று ஒருமுறை படித்துக்கூடப் பார்த்தேன்.

மறுநாள் தேர்தல் பொறுப்பிலிருந்த பேராசிரியர் அவளைக் கூப்பிட்டார். நான் சுவரோரமாக நின்றிருந்தேன்.

"மெடிக்கல் சர்ட்டிபிகேட் இருக்காம்மா?" என்று கேட்டார்.

"இருக்கு சார். ஆனா எனக்கில்ல, அம்மாவுக்கு."

"உனக்கு ஒடம்பு முடியலன்னா எடுத்துக்கலாம். அம்மாவுக்குன்னா வழியில்லையேம்மா."

"பொம்பள வார்டுல அப்பாவ இருக்க விடமாட்டாங்க சார். நான்தான் இருந்தாகணும்."

"புரியுதும்மா" என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். மனு தள்ளுபடியானது.

வெளியே வந்து என் பக்கத்தில் நின்றாள். "யாரு எழுதிக் குடுத்தாங்கன்னு தெரியுமாக்கா?"

"தெரியலயே" என்றேன்.

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். "சரிக்கா. அந்தத் தண்ணி விஷயத்த மட்டும் விட்டுடாதீங்க."

போட்டியில்லாமல் ஜெயித்தேன். மாலை போட்டார்கள். அப்பா அந்தப் படத்தைச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். தண்ணீருக்காக நடையாய் நடந்தேன், அதுவும் வந்தது. ஒரு பெண் தேடி வந்து நன்றி சொன்னபோது, காதில் விழாததுபோல் நடந்துவிட்டேன்.

பொங்கலுக்குப் பிறகு அவள் வகுப்புக்கு வரவில்லை. அவள் அம்மா இறந்துபோன விஷயமே எனக்கு வெகு தாமதமாகத்தான் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போலகத்துக்குப் போனேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "வாங்கக்கா" என்றாள். அவள் அப்பா வேலைக்குப் போயிருந்தார். டீ போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்க்கா. அன்னிக்கு சார் மேசையிலயே அந்தத் தாள் இருந்துச்சு. உங்க நோட்டுலதான படிச்சேன், எழுத்து தெரியாதா?"

"அப்ப ஏன் எங்கிட்ட கேட்ட?"

காலி டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். "நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

அழுதுவிட்டேன். அம்மாவைப் பறிகொடுத்தவள் எழுந்துபோய் எனக்குத் தண்ணீர் மொண்டு வரவேண்டியதாயிற்று. அந்த வெட்கம் இப்போதும் இருக்கிறது.

"திரும்ப வந்துடு. துறைத் தலைவர்கிட்ட நான் பேசுறேன்" என்றேன்.

"வீட்டுல ஆளில்லக்கா. பாப்போம்" என்றாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, கோபப்படவும் இல்லை.

வீட்டில் நோயாளிக்குத் துணையிருக்கும் மாணவிகளுக்கு அந்த நாட்களையும் வருகையில் சேர்க்க வேண்டும் என்று பிரதிநிதியாக ஒரு மனு கொடுத்தேன். கூட்டத்தில் வைக்கிறோம் என்றார்கள். வைப்பதற்குள் என் பொறுப்புக்காலம் முடிந்துவிட்டது.

தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் நெருங்குவதை அவளுக்குச் செய்தியாக அனுப்பினேன். சாயங்காலம் பதில் வந்தது. "உளுந்து புடுங்கப் போறேன்க்கா. நீங்க நல்லா எழுதுங்க."

என்னென்னவோ தட்டச்சு செய்து அழித்தேன். கடைசியில் "சரிம்மா" என்று மட்டும் அனுப்பினேன்.