ஞாயிற்றுக்கிழமை மைக்

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். குழிக்குள் இறங்கி, எண்ணெய்ப் பிசுக்கோடு மணிக்கணக்கில் வேலை பார்ப்பவன். காலில் ஸ்பானர் விழுந்தால்கூட வாய்விட்டுக் கத்த மாட்டான். அவனுக்கு ஊமைக்கோட்டான் என்று பேர் வைத்ததே நான்தான்.

அவனும் அவன் பெண்டாட்டியும் பிரிந்துவிட்டார்கள். அவளைத் திட்ட எனக்கும் ஆசைதான், ஆனால் மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே. அவள் நல்லவள். இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். ஏழு வயது மகள் அம்மாவோடு வேறு ஊரில் இருக்கிறாள். ஞாயிறு காலை அரை மணி நேரம் வீடியோவில் அப்பாவோடு பேசலாம் என்று ஏற்பாடு. வாரம் முழுக்க அவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பது அந்த அரை மணிக்காகத்தான்.

அவன் போன் லிஃப்ட் குழியில் விழுந்து சிதறியது. "லேப்டாப்னா பாப்பா மூஞ்சி பெருசா தெரியும்க்கா" என்று பழைய லேப்டாப் ஒன்றை வாங்கி வந்தான். உள்ளே விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ். அன்றைக்குப் பிடித்தது சனியன்.

"சாப்டியா பாப்பா?" என்பான்.

"அப்பா, கேக்கல."

"ஸ்கூல்ல என்ன சொல்லிக் குடுத்தாங்க?"

"கேக்கலப்பா. நான் போகவா?"

ஐந்து நிமிடத்தில் திரை இருண்டுவிடும். இவன் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நான்தான் கத்துவேன்.

"கத்திப் பேசித் தொலையேண்டா!"

"கத்துனா பயந்துடுவாக்கா."

ஒரு வாரம் முழுக்க, வேலை முடிந்து வந்ததும் லேப்டாப்போடு மல்லுக்கட்டினான். செட்டிங்ஸில் மைக் அளவு ஏற்கெனவே நூறில் இருந்தது. பதிவு செய்து கேட்டால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் இணையத்தில் எழுதி வைத்திருந்ததைப் படித்து, டெர்மினல் என்கிற கட்டளைத் திரையைத் திறந்து அல்சாமிக்சர் என்று தட்டினான். ஒலி அளவைக் காட்டும் கோடுகள் வரிசையாக எழுந்து நின்றன.

"அக்கா, இங்க வா! மைக் பூஸ்ட்னு சத்தத்தைக் கூட்டுற ஒண்ணு இருக்கு. சைபர்ல கிடக்கு பாரு!"

அவன் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. இரண்டு படி ஏற்றினான். பதிவில் ஃபேன் சத்தம் லாரி மாதிரி இரைந்தது. ஒரு படி இறக்கினான். லேப்டாப்பை அணைத்துப் போட்டால் மறுபடி சைபர். அதைச் சேமித்து வைக்கும் கட்டளையையும் தேடிப் பிடித்தான். கடைசியில், அடுப்படியில் நான் அவனைத் திட்டிய முணுமுணுப்புகூடப் பதிவில் தெளிவாக விழுந்தது.

ஞாயிறு காலை, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். மகள் வந்தாள்.

"முன்பல்லு விழுந்துடுச்சாமே? அம்மா சொன்னாங்க. காட்டு பார்ப்போம்."

சட்டென்று வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். விரல் இடுக்கில் சிரிப்பு. அப்பாடா, கேட்டுவிட்டது! தம்பி திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். கண் நிறைந்திருந்தது. எனக்கும்தான்.

அந்தப் பக்கம் வெளியே பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டது. அவள் கண் ஜன்னல் பக்கம் போனது.

"அப்பா, கேக்கல."

இவன் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது.

"நல்லாத்தானேடி கேக்குது?" என்றது அவள் அம்மாவின் குரல்.

"கேக்கலம்மா!" அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

இத்தனை நாளும் சொன்னதில் எது நிஜம், எது சாக்கு? ஏய், பொய்யா சொல்றே என்று கேட்க வாயெடுத்தேன். தம்பி கையைத் தூக்கி என்னைத் தடுத்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனான்.

"ஆமா கண்ணு. அப்பா மைக் ரிப்பேர்தான். இன்னும் சரியாகல. நீ போய் விளையாடு."

"சரிப்பா!" என்று உடனே சொல்லிவிட்டு எழுந்து ஓடிவிட்டாள்.