பாலத்தின் கிழக்குப் பக்கம்

டிவியில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று கலர் கலராக மழையைச் சொல்வார்கள். எண்ணூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் குப்பத்தில் அதையெல்லாம் யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? மீன் விற்கும் பவானி போய்க் கால்வாய்ப் பாலத்தைப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். அப்போதுதான் மூட்டை கட்டுவோம்.

வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் பாலம், நாலு கண். தூண்களில் ஒரு கல் வரிசை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் அதைத் தொட்டால் ஊருக்குள் வரும், தொடாவிட்டால் வராது. பவானியின் மாமனார் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பிறகு இவள். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அந்த மிடுக்கு அவள் நடையிலேயே தெரியும். தலையில் இருக்கும் கூடையை இறக்காமலேயே தீர்ப்புச் சொல்வாள்.

போன வருஷம் ஐப்பசி மழையில், கடலுக்குப் போகும் எத்திராஜ் தன் வீட்டு வாசலில் வாடகை ஆட்டோ ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். அவர் மனைவி புஷ்பவல்லிக்கு வாதம், படுத்த படுக்கை. அவளை மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக நினைத்தார்.

“அக்காவ இன்னாத்துக்கு பேஜார் பண்ற? கல்லு காஞ்சி கீது. தண்ணி வராதுண்ணே, நீ போய் போட்ட கட்டு,” என்றாள் பவானி.

நல்ல மனசோடுதான் சொன்னாள். எத்திராஜ் ஆட்டோவை அனுப்பிவிட்டுப் படகைக் கட்டப் போனார்.

பாலத்தின் கண்களை அனல்மின் நிலையச் சாம்பலும் ஆகாயத்தாமரையும் வருஷக்கணக்காக அடைத்துக்கொண்டு கிடந்தன. தண்ணீர் இந்தப் பக்கம் வந்தால்தானே கல் நனையும்? நாங்கள் என்றைக்கும் பார்ப்பது ஊர் இருக்கும் கிழக்குப் பக்கத்தை. மேற்கே முள்காடு, அங்கே போய் எட்டிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அங்கேதான் தண்ணீர் முட்டிப் பெருகி, கரையை உடைத்து, ஊருக்குப் பின்பக்கமாக வந்தது. நெஞ்சளவு தண்ணீரில் எத்திராஜ் வீடு வந்து சேர்ந்தபோது புஷ்பவல்லியின் கட்டில் மூழ்கியிருந்தது.

யாரும் பவானியைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பாவம், அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். எத்திராஜ் அவளோடு பேசுவதை அடியோடு நிறுத்திவிட்டார்.

இந்த வருஷம் மழை பிடித்த அன்றே, பவானி பாலத்தின் பக்கமே போகாமல், வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். எல்லோரும் கிளம்பினோம். எத்திராஜ் மட்டும் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை.

“அன்னிக்கு நீ சொன்னன்னு இருந்தேன். இன்னிக்கு நீ சொன்னன்னு போவணுமா?”

ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு. பவானி கையிலிருந்த மூட்டையைக் கீழே வைத்துவிட்டு அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“அப்ப நானும் இங்கியே கீறேன்.”

“எய்ந்து போ!” என்று கத்தினார் எத்திராஜ். அவள் அசையவில்லை. பின்வாசல் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து அவள் புடவையை நனைத்தது. ஆனாலும் எழவில்லை.

எத்திராஜ் சட்டையை எடுத்து மாட்டினார்.

“ஒன்ன நம்பி வர்ல. நீயும் செத்தா அந்தப் பாவத்த என்னால தூக்க முடியாது.”

“நம்பாதண்ணே,” என்றாள் பவானி. “வா.”