மாமன் கொடுத்த கார் சாவி

இந்நேரத்தில் பதிவு போடுவதற்கு மன்னிக்கவும், பாப்பா இப்போதுதான் தூங்கினாள்.

இன்று மண்டகப்பட்டில் அவளுக்குக் காதுகுத்து. மடியில் வைத்துக்கொண்ட தாய்மாமன் என் தம்பி. போன வருடம் குடித்துவிட்டு ஓட்டியதற்காகக் கோர்ட்டில் அபராதம் கட்டியவன்.

கறி விருந்து முடிந்ததும் தோப்புப் பக்கம் போய்விட்டுச் சிவந்த கண்ணோடு வந்தான். "வாக்கா, செஞ்சிக்கு என் கார்லயே இட்டுனு போறேன்."

என் வீட்டுக்காரருக்குக் கார் ஓட்டத் தெரியாது. தம்பியின் இன்சூரன்ஸ் ஏஜென்டுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்து, பழைய கேஸால் பாலிசிக்குச் சிக்கல் வருமா, குடித்துவிட்டு ஓட்டி இடித்தால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"பழைய கேஸால பாலிசி கிடைக்காம போகாதும்மா. கேட்டா மறைக்கக் கூடாது. ஆனா குடிச்சிட்டு ஓட்டி இடிச்சா, கார் ரிப்பேருக்கு ஒண்ணும் வராது."

"இன்னாக்கா, பந்தியில வச்சி மானத்த வாங்குற?" தம்பி சாவியை என் கையில் திணித்தான். "நீயே ஓட்டு. நான் பாப்பாவ வச்சிக்கிறேன்."

லைசென்ஸ் இருந்தும் செஞ்சி கடைத்தெருவைத் தாண்டி ஓட்டாதவள் நான். வழியெல்லாம் பின் சீட்டிலிருந்து, "பிரேக்குக்கா, பிரேக்கு!" பாப்பாவுக்கு ஒரே சிரிப்பு. வீடு வருவதற்குள் மாமனுக்குப் போதை முழுதாகத் தெளிந்துவிட்டது.

நாளை அவன் இன்சூரன்ஸைப் புதுப்பிக்க வேண்டும். அவர்களாகக் கேட்காவிட்டாலும் பழைய வழக்கைச் சொல்ல வேண்டுமா? தெரிந்தவர்கள் சீக்கிரம் பதில் போடுங்கள்.