இரண்டு பொட்டலம் செவ்வரளி

பர்மாவில், அலோன் துறையில் மூட்டை தூக்குகிற எங்கள் ஆட்கள் சேர்ந்து ஒரு கால்பந்துக் கூட்டம் வைத்திருந்தார்கள். மழைக்காலம் முழுவதும் ஆட்டம் நடக்கும். அந்த வருஷம் பாதி ஆட்டம் முடிவதற்குள் எங்கள் கோல் கதவில்லாத வீடு மாதிரி ஆகிவிட்டது. வந்தவனெல்லாம் உள்ளே அடித்துவிட்டுப் போனான். அந்தச் சமயத்தில், ஆற்றுக்கு அக்கரையில், த்வாண்டே கால்வாய் முகத்தில் இருந்த ஓர் அரிசி மில்லிலிருந்து சேதி வந்தது. அவர்களுடைய கோல்கீப்பரை எங்களுக்குத் தருவார்களாம். ஆற்றின் இரண்டு கரையிலும் பேர்பெற்ற ஆள். பதிலுக்கு எங்களிடம் முளைத்து வருகிற வாலிபர் இருவரைக் கொடுக்க வேண்டும். ஆட்டத்துக்கு மட்டும் அல்ல. வேலை, சோறு, படுக்கை எல்லாம் இனி அங்கேதான். அந்த இருவரில் ஒருவன் என் தம்பி.

நான் துறையில் சரக்கு அடுக்கும் கிட்டங்கியின் சாவி வைத்திருப்பவன். எழுதப் படிக்கக் கொஞ்சம் தெரியும், தினம் கோயிலுக்குப் போவேன் என்பதால் என்னையும் யோசனைக்குக் கூப்பிட்டார்கள். கிட்டங்கி வாசலில், மழைச்சாரலில் நின்றபடிதான் பேச்சு நடந்தது.

"பிஞ்சை மடியிலே கட்டிக்கிட்டு என்ன செய்யறது?" என்றார் மேஸ்திரி. "அதுக பழுக்க மூணு வருஷம் ஆகும். நமக்கு இந்த மழைக்குள்ளே ஜெயிக்கணும்."

எங்கள் கூட்டத்துக்குத் தலைவர், மூட்டைகளைக் கயிற்றில் ஏற்றி இறக்கும் வின்ச் ஓட்டுகிறவர். அவர் சிரித்தார். "ரெண்டு காளைக்கன்னைக் குடுத்து ஒரு கெழட்டு மாட்டை ஓட்டிட்டு வரச் சொல்றீங்க."

"கெழடா? அவன் கையைப் பாத்திருக்கியாய்யா? மொறம் மாதிரி இருக்கும்."

"மொறம் வேணும்னா தாமுவே சந்தையிலே வாங்கிக்கலாமே, மேஸ்திரி."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வேண்டாம் என்று சொன்னால் தம்பிக்காகச் சொல்கிறான் என்பார்கள். சரி என்றால் தாயில்லாத பிள்ளையை அக்கரைக்கு அனுப்பியவன் ஆவேன். ஊரிலிருந்து கப்பலில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவன் அவன்.

கடைசியில் மேஸ்திரி, "ஆத்தாகிட்ட பூக்கட்டிப் பாத்துடுவோம். வெள்ளை வந்தா குடுக்கறது, செவப்பு வந்தா குடுக்கறதில்லை. நீரே கட்டும். உம்ம கைதான் சுத்தமான கை" என்றார்.

அந்தச் சுத்தமான கையால் நான் செய்ததை இதுவரை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. கோயில் வாசலில் பூ விற்கும் பர்மாக்காரியிடம் செவ்வரளி மட்டும் வாங்கினேன். வாழையிலைத் துண்டில் இரண்டு பொட்டலம் கட்டினேன். இரண்டிலும் செவ்வரளி. எதை எடுத்தாலும் தம்பி என்னோடு இருப்பான். தாயே, பிறகு அடித்துக்கொள், இப்போது பொறுத்துக்கொள் என்று வேண்டிக்கொண்டே நாரைச் சுற்றினேன்.

விஷயம் தெரியாதவர் கைதான் எடுக்க வேண்டும். அந்தப் பூக்காரியையே அழைத்தோம். அவள் குனிந்து இடப்பக்கப் பொட்டலத்தை எடுத்து மேஸ்திரியிடம் கொடுத்தாள். அவர் நாரைப் பிரித்தார்.

உள்ளே வெள்ளைப் பூ இருந்தது. ஈரமாக, அப்போதுதான் பறித்ததுபோல.

"ஆத்தா உத்தரவு குடுத்துட்டா!" என்று மேஸ்திரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். இது தப்பு என்று நான் எப்படிச் சொல்வேன்? எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் ஆற்றில் விடுவது வழக்கம். நான் படித்துறையில் தனியாக அதைப் பிரித்துப் பார்த்தேன். நான் வைத்த செவ்வரளி அப்படியே இருந்தது.

மறுநாள் காலை தம்பி சம்பான் படகில் ஏறினான். "என்னண்ணே, சீமைக்கா போறேன்? அதோ தெரியுதே அக்கரை" என்று சிரித்தான். மழை இறங்கி அக்கரையை மறைத்துக்கொண்டது.

அதே சம்பானில் வந்தவன்தான் கோல்கீப்பர். அதிகம் பேசமாட்டான். மூன்று ஆட்டம் ஆடினான். ஒரு பந்தும் உள்ளே போகவில்லை. எதிராளி காலைத் தூக்குமுன்பே அவன் நகர்ந்துவிடுவான். பந்து அவன் கைக்குத் தானாக வரும். பார்க்க சந்தோஷமாக இல்லை, ஒருமாதிரியாக இருந்தது.

"எப்படிப்பா தெரியுது?" என்று கேட்டேன்.

"தெரியலே ஐயா. பந்து வரப்போற எடத்துலே குளிரடிக்கும். அங்கே போயி நிப்பேன்."

கிட்டங்கியில் என் தம்பி நின்று மூட்டை வாங்குகிற இடத்தில்தான் மேஸ்திரி அவனை நிறுத்தியிருந்தார். ஒருநாள் மத்தியானம் அவன் என்னிடம் வந்தான்.

"ஐயா, இந்த எடத்துலே முன்னே யாரு நின்னது?"

"என் தம்பி. ஏன்?"

"இங்கே குளிருது."

"ஆத்துக்காத்துப்பா" என்றேன். காற்றே இல்லை. சுவரோரம் எரிந்த விளக்குச் சுடர் அசையாமல் நின்றது. மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை சொல்லி அவனை வேறு இடத்துக்கு மாற்றியிருக்கலாம். சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டி வருமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் மூட்டைகளை இறக்கும்போது மேலே கயிறு அறுந்தது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் வருமுன்பே அவன் அண்ணாந்து பார்த்துவிட்டான். ஓடவில்லை. பந்தைப் பிடிக்கப் போகிறவன்போல இரண்டு கையையும் விரித்து மேலே நீட்டினான்.

உயிர் தப்பியது. மணிக்கட்டு இரண்டும் போய்விட்டன.

சேதி கேட்டு என் மனைவி கற்பூரம் ஏற்றினாள். "அந்த எடத்துலே உங்க தம்பியில்லே நின்னிருப்பாரு! ஆத்தா தூக்கி அக்கரையிலே வச்சுட்டா" என்று அழுதாள். நானும் கைகூப்பினேன்.

அன்று சாயங்காலமே பூக்காரியிடம் போனேன். பர்மாப் பேச்சில் அமா என்றால் அக்கா, அகோ என்றால் அண்ணன். "அமா, அந்தப் பொட்டலத்திலே நீ வெள்ளைப் பூ வச்சியா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அகோ, அன்னைக்கு என்கிட்டே வெள்ளைப் பூவே கெடையாது. மழையிலே எல்லாம் அழுகிப்போச்சு. அதைப் பார்த்ததும் எனக்குப் பயம். நீ சிவப்பு மட்டும்தானே வாங்கினே?"

அந்த வருஷம் நாங்கள் தோற்றோம். தம்பி அக்கரையில் நன்றாக இருக்கிறான். கூடப் போனவனும் அப்படியே. கோல்கீப்பருக்கு இந்த ஊரில் யாரும் இல்லை. தம்பி படுத்த இடத்தில் பாய் போட்டு அவனை வீட்டில் வைத்துக்கொண்டேன். சோற்றைப் பிசைந்து நான்தான் ஊட்டுகிறேன். என் மனைவிக்கு இது புண்ணியமாகத் தெரிகிறது. ஒருநாள் ஊட்டும்போது பூ விஷயத்தை அவனிடம் மட்டும் சொல்லிவிட்டேன். அவன் மென்றுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்போ அந்த வெள்ளை நீங்க வச்சதில்லே" என்றான். வாயைத் திறந்து அடுத்த கவளத்துக்குக் காத்திருந்தான்.

இப்போதும் சில நாள் சாப்பாட்டு நடுவே சட்டென்று தலையைத் தூக்கி என் பக்கம் பார்க்கிறான்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்லே ஐயா. உங்க பக்கம் கொஞ்சம் குளிருது."

தாயே என்று சொல்லிக்கொண்டு, சோற்றுக் கிண்ணத்தோடு எழுந்து தள்ளி உட்கார்ந்துகொள்கிறேன்.