பார்க்காத வோல்ட்

கரண்டு வேலையில் கணக்கு ரெண்டே ரெண்டு: வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ரெசிஸ்டன்ஸ், பெருக்கினால் வாட். இதைக்கூடத் தப்பாகப் போடலாம். நான் போட்டேன். டெஸ்டர் பிடித்த நீங்களும் போட்டிருப்பீர்கள், சும்மா நடிக்க வேண்டாம்.

எட்டு ஆம்பியர்

நமக்கு ஒரு பழக்கம். ஆம்பியரை மட்டும் மீட்டரில் பார்ப்போம். வோல்ட் 230 என்று வாயாலேயே வைத்துக்கொள்வோம்.

தளவாய்புரத்தில் பெண்களை வைத்து நைட்டி தைக்கும் பட்டறை நடத்துகிற முத்துலட்சுமி கூப்பிட்டாள். ராஜபாளையத்திலிருந்து நான் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஸ்டீம் அயர்ன் பாய்லரில் ஆவி போதவில்லை, துணியில் சுருக்கம் போகவில்லை. உள்ளே தண்ணீரைக் கொதிக்க வைப்பது 2300 வாட் காயில். பத்து ஆம்பியர் இழுக்க வேண்டும், எட்டுதான் இழுத்தது. 230-ஐ எட்டால் வகுத்தேன். ஏறக்குறைய 29 ஓம். இருக்க வேண்டியது 23.

"காயில் தீஞ்சு போச்சு. தண்ணி வத்துனது தெரியாம ஓட்டியிருக்கான்" என்று தேய்க்கிற யேசுராஜனைக் கை காட்டினேன். தைக்கிற பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் முகம் செத்துப்போனது.

"தண்ணி வத்த விட்டதே இல்ல அண்ணாச்சி. காலைல நல்லா வருது, பொழுது சாஞ்சாத்தான் ஆவி கொறையுது."

புதுக் காயில்

"மீட்டர் பொய் சொல்லுமாலே?" என்று அவன் வாயை அடைத்தேன். முத்துலட்சுமி அன்றைக்கே அவனை நிறுத்திவிட்டாள். ரெண்டு பிள்ளைக்காரன். டிபன் வாளியை எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் சாயங்காலம் புதுக் காயில் மாட்டினேன். அதுவும் எட்டு ஆம்பியர். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று போனில் கத்தினேன். முத்துலட்சுமி கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இதுலயும் யேசுராஜன் தண்ணிய வத்த விட்டுட்டானா அண்ணாச்சி?"

184

அப்புறம்தான் வோல்ட்டைப் பார்த்தேன். 184. சுற்றிலும் விசைத்தறி ஓடுகிற நேரம், லைனில் வோல்ட் இறங்கிக் கிடந்தது. 184-ஐ எட்டால் வகுத்தால் 23 ஓம். புதுசும் சரி. கழற்றிப்போட்ட பழசிலும் மீட்டர் முனைகளை வைத்தேன். அதுவும் 23, சுத்தமாக.

பெருக்கினேன். 1472 வாட். 2300 வாட் வேண்டிய இடத்தில் இது என்னத்துக்கு ஆகும்? ஸ்டெபிலைசர் வைத்தால் தீர்ந்தது. யேசுராஜன் சொன்னது அத்தனையும் நிஜம்.

முத்துலட்சுமியிடம் சொன்னேன். தரையைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க. அவன் வராம நீங்களும் இந்தப் பக்கம் வராதீய."

ஸ்ரீவில்லிபுத்தூர்

விசாரித்துப் போனால், யேசுராஜன் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு தேய்ப்புக் கடையில் இருந்தான். கரிப்பெட்டி. கண்ணெல்லாம் புகை. என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"தப்பு எம்மேலதான். வோல்ட்டப் பாக்கல" என்றேன். துணி வாங்க வந்த ரெண்டு பேர் என்னையே பார்த்தார்கள். காது சுட்டது.

அவன் பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.

"வாரேன். ஆனா அந்தப் பொம்பளையளுக்கு முன்னாடி நின்னு இதையே சொல்லணும், அண்ணாச்சி."

சொன்னேன், தையல் மெஷின் எல்லாம் நின்று கேட்டது. வோல்ட்டையும் மீட்டரில் பார்ப்பதற்கு முன்னால் வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்குத் தெரிய, தலை நரைக்கவும் ஒருத்தன் வேலை போகவும் வேண்டியிருந்தது.