காபிக்குக் கட்டிய பந்தயம்

பிள்ளை பிறந்தபோது வேலையை விட்டவள். ஆறு வருஷம் ஓடிவிட்டது. இந்த வருஷம் போட்ட விண்ணப்பங்களெல்லாம் கிணற்றில் போட்ட கல். "இனிமே உங்களை யாரு அண்ணி கூப்பிடப்போறாங்க?" என்று நாத்தனார் வாய்கூசாமல் கேட்டாள். கூப்பிட்டது ஒரே ஒரு கம்பெனி. பங்குகளை நொடிக்கு நொடி வாங்கி விற்கிற இடம். அதற்கான மென்பொருள் எழுத ஆள் தேடினார்கள்.

நேர்காணலில் முதல் இரண்டு ரவுண்டும் நன்றாகவே போயின. இடைவேளையில் தண்ணீர் பிடிக்கப் போனாள். அங்கே நாலைந்து பேர் சுவரிலிருந்த வெள்ளைப் பலகையைச் சுற்றி நின்றார்கள். முதுகு காட்டி நின்ற நீலச் சட்டைக்காரன் கையில் பேனா.

"தாடி காலைலயே அவுட். அடுத்து யாரு, அம்மாவா?"

"அம்மா தேறிடும்டா. ரெண்டு ரவுண்டு தாண்டியாச்சு."

"மூணாவது என்கிட்டல்ல வருது?" என்றான் நீலச் சட்டைக்காரன். " தேறாதுன்னு கட்டுறேன். தோத்தவன் எல்லாருக்கும் காபி வாங்கணும்."

காலையில் அவளோடு காத்திருந்தவனுக்குத் தாடி இருந்தது. அம்மா யாரென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆறு வருஷ இடைவெளிக்குக் காரணம் கேட்டபோது அவள்தான் பிள்ளையைப் பற்றிச் சொல்லியிருந்தாள். பாட்டிலை நிரப்பாமலே திரும்பினாள். காது மடல் சுட்டது.

"வாங்க மேடம்" என்று பல்லெல்லாம் தெரிய வரவேற்றான் நீலச் சட்டைக்காரன். ஒரே விலைக்கு வரும் ஆர்டர்களில் முந்தி வந்ததை முந்தி முடிக்கும்படி அறையிலிருந்த பலகையில் நிரல் எழுத வேண்டும். எழுதினாள். பாதியில் நிபந்தனையை மாற்றினான். திரும்ப எழுதினாள். திரும்ப மாற்றினான். ஓரிடத்தில் கை நின்றுவிட்டது. தனக்கு நிஜமாகவே மறந்துபோயிற்றா, இவன் மறக்கடிக்கிறானா? தெரியவில்லை. அதுதான் அவளை எரித்தது. தோற்பதென்றாலும் தானாகத் தோற்க வேண்டாமா?

"பரவால்ல மேடம், கேப் விழுந்தா அப்படித்தான்."

பேனாவை மூடினாள். "எனக்கு எதிரா பந்தயம் கட்டினவர் எனக்குப் பரீட்சை வைக்கக் கூடாது. உங்க மேலாளரைக் கூப்பிடுங்க."

மேலாளர் வந்தார், கேட்டார், சிரித்து மழுப்பினார். "இங்க எதுக்கெடுத்தாலும் பந்தயம்தாங்க. மழை வருமா, லிஃப்ட் எந்த மாடியில நிக்கும்... மனசுல வச்சுக்காதீங்க."

"சரி. வேற ஆளை அனுப்புங்க. முதல்லேர்ந்து எழுதுறேன்."

மேலாளர் கதவைத் திறந்து கூடத்தை ஒரு பார்வை பார்த்தார். பிடரியைச் சொறிந்தார். "எல்லாருமே கட்டியிருக்காங்களே."

"நீங்க?"

"நான் உங்க பக்கம்தான் கட்டியிருக்கேன்" என்றார், ஏதோ தானம் செய்தவரைப் போல.

எழுந்து போய்விடலாம். போனால் அவன் ஜெயித்தான். இருந்து தேறினால் இவர் ஜெயித்தார். அவள் பிழைப்பு இவர்களுக்கு ஒரு வாய்க் காபி.

"ரெண்டு பேரும் வெளிய போங்க. கேள்வி மட்டும் இருக்கட்டும்."

அவள் குரலுக்கே போனார்கள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு எழுதினாள். முன்பு நின்ற இடத்திலேயே மறுபடி நின்றாள். பலகையை முறைத்தாள். கோபம் கொஞ்சம் இறங்கியதும் வழி தெரிந்தது.

கதவைத் திறந்தபோது கூடமே நிமிர்ந்தது. மேலாளர் ஓடி வந்தார்.

"உள்ள இருக்கு, பாருங்க. வேலை குடுக்கிறதும் குடுக்காததும் உங்க இஷ்டம். ஆனா முடிவு முதல்ல எனக்குத் தெரியணும். அப்புறம்தான் இவங்களுக்கு."

அவரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள். நீலச் சட்டைக்காரன் எட்டிப் பார்க்க வந்தான். அவள் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.